கழுவாமல் வந்த டப்பா

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த டயட்டீஷியனாம். குரலைக் கேட்டால் இன்னும் அம்மா தலை வாரிவிடுகிற வயதுபோல் இருந்தது. குடல் நோயாளிகளுக்கான உணவு ஆராய்ச்சியை மறுபடி ஆரம்பிக்கிறார்களாம். பழைய விதிகளை வாசித்துக்கொண்டே வந்தவளுக்கு ஓர் இடத்தில் சிரிப்பு வந்துவிட்டதாம். ‘நோயாளி ஆராய்ச்சியில் சேரும் முன், சமையல்காரர் அவரிடம் ஒரு டப்பா சாப்பாட்டை நீட்ட வேண்டும். நோயாளி அதை வேண்டாம் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும்.’ இப்படி ஒரு விதி.

“ஆன்டி, இது என்னா ஜோக்கா? இப்பல்லாம் மிச்ச சாப்பாட்ட போன்ல படம் புடிச்சு அனுப்பிடுறாங்க. இத எடுத்துறலாமா?” என்று கேட்டாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. வாயில் முறுக்கு இருந்தது, அவ்வளவுதான்.

மென்று முடித்த பிறகு தோன்றியது, இதைப் போனில் சொன்னால் பாதி காதில் போகும், பாதி அவள் கம்ப்யூட்டரில் போகும் என்று. அதனால் அவளும் அவளைப்போல் புதிதாகச் சேர்ந்த பெண்களும் வாசிக்க எழுதுகிறேன். நான் கேரி தீவு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். அதிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றுதான் படித்தேன். ஆகையால் வாக்கியம் எங்காவது வழுக்கினால் பிடித்துக்கொண்டு நடக்கவும்.

என் பெயர் தனம். கல்யாணம் செய்து கிள்ளானுக்கு வந்தேன், ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் தேய்த்தேன், அங்கே சமையல்காரர் சண்டை போட்டுக்கொண்டு போன அன்று கரண்டியைப் பிடித்தேன். பிறகு கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சமையலறையில் வேலை கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸில் வீடு பார்த்துக்கொண்டோம். சர்க்கரை நோயாளிக்கு ஒரு சட்டி, சிறுநீரக நோயாளிக்கு ஒரு சட்டி, பல் இல்லாதவருக்கு ஒரு சட்டி என்று பல வருஷம் ஓடியது. என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான். மீதியைச் சொன்னால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள், நானும் தூங்கிவிடுவேன்.

என் உண்மையான வேலை ஆரம்பித்தது மிஸ் பிரேமா வந்த பிறகு.

மிஸ் பிரேமா டயட்டீஷியன்களுக்கெல்லாம் தலைவி. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் அவர் உள்ளே வந்தால் கொதிக்கிற சாம்பார்கூட கொஞ்சம் அடங்கிக் கொதிக்கும். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சமையலறை வாசலில் தன் செருப்பைக் கழற்றி, அங்கே வைத்திருக்கும் வெள்ளைச் செருப்பை மாட்டுவார். கையைக் கழுவுவார். நேராகத் தராசிடம் போய், வெறும் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மனுஷர்களைப் பார்ப்பார். சட்டியில் இருப்பதைச் சின்ன ஸ்பூனில் எடுத்து ருசிப்பார். அந்த ஸ்பூன் உடனே கழுவும் தட்டுக்குப் போகும், இரண்டாம் முறை சட்டிக்குள் போகாது. ருசித்துவிட்டு “ம்” என்பார். நன்றாக இருந்தாலும் “ம்”, நன்றாக இல்லாவிட்டாலும் “ம்”. எது எந்த “ம்” என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது.

ஒரு நாள் என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டார். குடலில் புண் வருகிற ஒரு வியாதி இருக்கிறது என்று சொன்னார். அதில் இரண்டு மூன்று வகை, பெயர்கள் வாயில் நுழையாது. சில மாதம் ஆள் நன்றாக இருப்பார். பிறகு ஒரு நாள் வயிறு முறுக்கும், ரத்தமாகப் போகும், எலும்பும் தோலும் ஆகிவிடுவார். மருந்து உண்டு. ஆனால் என்ன சாப்பிட்டால் நல்லது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர், போனில் வருகிற வீடியோ, கோயிலில் பார்க்கிற ஆள் என்று எல்லாரும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அதனால் சோதித்துப் பார்க்கப் போகிறோம் என்றார்.

இரண்டு வகைச் சாப்பாடு. ஒன்று, நாம் வீட்டில் சாப்பிடுவது மாதிரி சோறு, கறி, பொரியல். இன்னொன்றும் பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனால் பாக்கெட் மசாலா இல்லை, டின் சாமான் இல்லை, சிவப்பு இறைச்சி இல்லை, காய்கறி தோல் சீவி விதை எடுத்துக் குழைய வெந்திருக்கும். ஒன்றுக்குப் பச்சை ஸ்டிக்கர், மற்றதற்கு நீல ஸ்டிக்கர். யாருக்கு எது என்பது குலுக்கிப் போட்ட மாதிரி. எல்லாரும் தங்கள் மருந்தை வழக்கம்போல் சாப்பிடுவார்கள். எந்த ஸ்டிக்கரில் என்ன இருக்கிறது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. மிஸ் பிரேமாவுக்கும் எனக்கும்தான் தெரியும். அரண்மனை ரகசியத்தைக் காக்க என் வாயைத் தேர்ந்தெடுத்தார்களே என்று என் வீட்டுக்காரர் ஒரு வாரம் சிரித்தார். ஆனால் அந்த வாய் அவரிடம்கூடத் திறக்கவில்லை.

சமையலைப் பற்றி மிஸ் பிரேமா ஒன்றே ஒன்று சொன்னார். “அக்கா, உங்க கைப்பக்குவத்த வெளியில கழட்டி வெச்சுட்டு உள்ள வாங்க. இன்னிக்கு சமைச்சதும் அடுத்த மாசம் சமைச்சதும் ஒரே மாதிரி இருக்கணும்.” உப்பைக் கண்ணால் போட்டுப் பழகியவளுக்கு இது பெரிய அவமானம். முதல் வாரம் எண்ணெயைத் தராசில் வைக்கும்போது, என் மாமியார் மேலே இருந்து பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது. என் பச்சை ஸ்டிக்கர் ரசத்தை எந்த நாள் ருசித்தாலும் அதே ரசம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

நோயாளிகள் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து சமையலறைப் பின்பக்க ஜன்னலில் டப்பாக்களை வாங்கிப் போவார்கள். நான்தான் எடுத்துக் கொடுப்பேன். பழைய டப்பாக்களை அவர்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும். மிச்சம் இருப்பதை எடை போட்டால்தான் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று தெரியும். சாப்பிடாத சாப்பாட்டை வைத்து என்ன ஆராய்ச்சி செய்வது? ஆகையால், ‘மிச்சத்தோடு, கழுவாமல் கொண்டு வரவும்’ என்று எல்லாரிடமும் சொல்லித்தான் அனுப்பினோம்.

முதல் வாரம் டப்பாக்கள் வந்தன. எல்லாம் பளபளவென்று கழுவி, துடைத்து, காய வைத்து. ஒன்றில் நான்கு வாழைப்பழம். ஒன்றில் ஒரு பிடி சர்க்கரை. மலாய்க்கார அம்மா ஒருவர் டெங்கிலில் இருந்து குவே பலகாரம் சுட்டு அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். ஒருவர் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார், அவர் வீட்டு மரமாம்.

உங்களுக்குத் தெரியும், அடுத்த வீட்டிலிருந்து சாப்பாடு வந்த பாத்திரத்தை எச்சிலோடு திருப்பிக் கொடுப்போமா? வெறுமையாகத்தான் கொடுப்போமா? என் வீட்டிலேயே யாராவது அப்படிச் செய்தால் நான் காதைத் திருகுவேன். மிஸ் பிரேமா அந்த மேசையில் பரப்பியிருந்த பழத்தையும் குவேயையும் பார்த்து ரொம்ப நேரம் நின்றார். ஆராய்ச்சிக்காக வாங்கிய தராசில் வாழைப்பழத்தைத் தவிர எடை போட எதுவும் இல்லை.

மூன்று பாஷையில் அறிவிப்பு ஒட்டினார். பலன் இல்லை. நானும் ஜன்னலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, அடுத்த தடவையும் கழுவிக்கொண்டு வந்தார்கள். “சீ, எச்சில் டப்பாவ எப்படி ஆன்டி உங்க கையில குடுக்குறது?” என்று ஒரு பெண் என்னையே கோபித்துக்கொண்டாள்.

கடைசியில் மிஸ் பிரேமாவுக்கு ஒரு வழி தோன்றியது. லேபுக்கு மலம், சிறுநீர் அனுப்புகிற ஒளி ஊடுருவும் பை இருக்கிறதே, சிவப்பில் எச்சரிக்கை அச்சடித்தது, அதில் ஒரு கட்டு எடுத்து வந்தார். இனிமேல் சாப்பிட்ட டப்பாவை இந்தப் பையில் போட்டு லேப் சாமானாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். அந்தப் பையில் யார் வாழைப்பழம் வைப்பார்கள்? அடுத்த வாரமே டப்பாக்கள் சோற்றுப் பருக்கையும் குழம்புக் கறையுமாக வரத் தொடங்கின. மிஸ் பிரேமா முதல் டப்பாவைத் தராசில் வைத்து “ம்” என்றார். அது நல்ல “ம்”.

ஒரே ஒரு ஆளின் டப்பாக்கள் மட்டும் அந்தப் பைக்குள்ளும் கண்ணாடிபோல் கழுவித் துடைத்து வந்தன.

அவன் பெயர் சரவணன். கிள்ளான் துறைமுகத்துக் கிடங்கில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிற பையன். ஒல்லியாக, கூச்சமாக இருப்பான். வேலை நேரத்தில் வர முடியாததால் அவனுடைய அம்மா இந்திராணிதான் கொமுட்டர் ரயில் பிடித்து வந்து டப்பா வாங்கிப் போவாள். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பூக்கடையில் மாலை கட்டுகிறவள். அவள் வந்தால் ஜன்னல் பக்கம் மல்லிகை வாசம் வரும். புருஷன் இல்லை, இவன் ஒரே பிள்ளை. அவளும் கேரி தீவுக்காரிதான், நான் பிறந்த லயத்து வரிசை வீட்டுக்கு இரண்டு லயம் தள்ளி. அது தெரிந்ததும் அவளுக்கு நான் அக்கா ஆகிவிட்டேன், எனக்கு அவள் தங்கச்சி ஆகிவிட்டாள்.

அந்த உறவை வைத்துக்கொண்டு ஆரம்பத்திலேயே ஒரு தடவை மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, பச்சை நல்லதா, நீலம் நல்லதா? எம் புள்ளைக்கு நல்லத வெச்சுக் குடுங்கக்கா. யாருக்குத் தெரியப் போவுது?”

ஸ்டிக்கரை மாற்றி ஒட்ட ஒரு நிமிஷம் ஆகாது. அவள் கண்ணைப் பார்த்தால் கை தானாகப் போகும். ஆனால் நான் சொன்னேன், “எது நல்லதுன்னு தெரிஞ்சா உன் புள்ளைய எதுக்குடி கூப்புடுறாங்க? எனக்கும் தெரியாது, பெரிய டாக்டருக்கும் தெரியாது. அது தெரியத்தான் இவ்ளோ சட்டி கழுவுறேன்.” அவள் சிரித்தாள். நம்பவில்லை. அடுத்த தடவை எனக்கு ஒரு முழம் பூ கொண்டு வந்தாள். நோயாளியிடமிருந்து எதுவும் வாங்கக் கூடாது என்பது விதி. தலையில் வைக்காமல் அவளிடமே திருப்பிக் கொடுத்தது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று பூ பிடித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த லேப் பை வந்த பிறகு ஒரு நாள் இந்திராணி ஜன்னலுக்கு வந்தாள். பையைத் திறந்து பார்த்தேன். டப்பாக்களில் ஒரு பருக்கை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு வாழைப்பழம்.

நான் சும்மா இருப்பேனா? “இந்த ஆஸ்பத்திரியிலேயே மலம் அனுப்புற பையில வாழைப்பழம் வெச்ச ஒரே ஆளு நீதான் இந்திராணி. உன் மவன் டப்பாவையும் சேத்து நக்கிட்டானா?” என்றேன்.

எப்போதும் சிரிக்கிறவள் சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் சாப்புடுறதே இல்லக்கா. வாயில வெச்சா வயித்தப் புடிச்சுட்டு ஓடுறான். கஞ்சித் தண்ணிதான் குடுக்குறேன்.”

“ரத்தம் போவுதா?”

“போவுது.”

என் வேலை சமைப்பது. வியாதியைப் பற்றி நோயாளியிடம் கேட்கக் கூடாது என்று மிஸ் பிரேமா சொல்லியிருந்தார். கேட்டது கேட்டாகிவிட்டது. வாரா வாரம் நர்ஸ் போன் செய்து கேட்பாள், மாதா மாதம் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருந்தது. நர்ஸ் கேட்டபோதெல்லாம் இந்தப் பையன் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். சாப்பிடாத சாப்பாட்டைக் கொட்டிவிட்டு, அம்மா டப்பாவைக் கழுவி அனுப்பியிருக்கிறாள். அவ்வளவு பேரும் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் கழுவியது யார் கண்ணிலும் படவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை நான் மறக்க மாட்டேன். ஆராய்ச்சியில் சேரும் முன் சரவணன் டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருப்பானாம். ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். சேர்ந்த பிறகு ஒரே டாக்டர், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், நர்ஸ் போன் செய்து நலம் விசாரிக்கிறாள், நான் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன். இதெல்லாம் போய்விடும் என்று பயம். ஒப்புதல் தாளில் ‘எப்போது வேண்டுமானாலும் விலகலாம், உங்கள் சிகிச்சை பாதிக்கப்படாது’ என்று இருந்தது. அதை வாசித்துக் காட்டியபோது இருவரும் தலையாட்டியிருக்கிறார்கள். பெரியவர்கள் அப்படித்தான் மரியாதைக்குச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டார்களாம். கிளம்புகிற விருந்தாளியிடம் ‘இருந்து சாப்ட்டுப் போங்க’ என்று சொல்வது மாதிரி.

“சொல்லிறாதீங்கக்கா. பேர வெட்டிருவாங்க. மறுபடியும் கடைசிலருந்து நிக்கணும்,” என்றாள்.

“சொல்லாம இருக்க முடியாது இந்திராணி. ஆனா உனக்குத் தெரியாம போய் சொல்ல மாட்டேன். நீ பக்கத்துல நிக்கும்போதுதான் சொல்வேன். உள்ள வா.”

“உங்கள நம்பித்தானே சொன்னேன்,” என்று அவள் கையை உதறினாள். என்னை வேறு சில வார்த்தையும் சொன்னாள், தோட்டத்து வார்த்தை. புதிய பெண்கள் வாசிக்கிற கட்டுரையில் அதை எழுத முடியாது. நான் அடுப்பை அணைத்தேன். பச்சை ஸ்டிக்கர் ரசம் பாதியில் நின்றது. ஏப்ரனோடு வெளியே போய் அவள் தோளைப் பிடித்து, மிஸ் பிரேமாவின் அறைக்கு நடத்திக்கொண்டு போனேன்.

மிஸ் பிரேமா முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. இந்திராணியை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு சரவணனுக்குப் போன் போட்டு, எங்கள் மூன்று பேருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். அதையும் முதலிலேயே அவனிடம் சொல்லிவிட்டார். பின்னால் போர்க்லிப்ட் பின்வாங்கும்போது கத்துகிற சத்தம் கேட்டது.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

“நல்லா இருக்கேன் மிஸ்.”

“சரவணன், உங்கம்மா எங்கிட்ட சொல்லிட்டாங்க.”

அவன் ஓரமாக நடந்து போனதுபோல் போர்க்லிப்ட் சத்தம் தூரமானது. பிறகு அவன் கேட்டான், “நான் நிறுத்திட்டா என் டாக்டர் அப்பாய்ன்ட்மென்ட் போயிருமா மிஸ்?”

“போகாது. அது உங்களோடது. ஆராய்ச்சியோடது இல்ல.”

“தனம் ஆன்டி இவ்ளோ நாள் சமைச்சுக் குடுத்தாங்க. நான் போயிட்டா உங்க ஆராய்ச்சி கெட்டுப் போயிருமே.”

“கெட்டுப் போகட்டும்,” என்றார் மிஸ் பிரேமா.

உப்பு ஒரு கிராம் கூடினால் சட்டியோடு கொட்டச் சொல்கிறவர் அவர். ஆராய்ச்சிக்காகப் பண்டிகை நாளில்கூட தராசு பூஜ்யம் பார்க்க வந்தவர். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெரிய மனுஷர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். இதைவிடப் பெரிய பேச்சைக் கேட்டதில்லை.

சரவணன் அந்தப் பக்கம் அழுதுகொண்டே, “அப்ப நான் நிறுத்துறேன் மிஸ்,” என்றான். மிஸ் பிரேமா அவனை அங்கேயே இருக்கச் சொல்லி, வண்டி ஓட்டாதே என்று சொல்லி, முதலாளியிடம் பேசி, ஆள் வைத்து அழைத்து வரச் செய்தார். அன்றைக்கே வார்டில் சேர்த்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் மறைத்திருந்தால் பெருங்குடலையே வெட்டி எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். மருந்தை மாற்றினார்கள், ரத்தம் ஏற்றினார்கள். குடல் பிழைத்தது. இந்திராணி வார்டு வாசலில் என்னைப் பார்த்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் விடாமல் தினமும் போய் முகத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பி அவள் கழுத்துதான் வலித்திருக்கும்.

இதற்குப் பிறகு, ஆராய்ச்சியை நடத்திய பெரிய டாக்டரோடு மிஸ் பிரேமாவுக்கு வாக்குவாதம் நடந்தது. அந்த ஒரு பையனை எடுத்துவிட்டு மற்றவர்களோடு தொடரலாம் என்றார் டாக்டர். மிஸ் பிரேமா ஒப்பவில்லை. கழுவி வந்த டப்பா அத்தனையிலும் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது, விலகலாம் என்பதை எத்தனை பேர் நம்பினார்கள் என்றும் தெரியாது, நிறுத்திவிட்டு எல்லாரிடமும் மறுபடி கேட்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினார். பெரிய டாக்டர் இரண்டு நாள் முணுமுணுத்தார். பிறகு அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்தை அவரே போட்டார். அதையும் சொல்ல வேண்டும்.

என் அடுப்பு பல வாரம் சும்மா கிடந்தது.

மறுபடி கேட்பது சரி, எப்படிக் கேட்பது என்பதுதான் மிஸ் பிரேமாவின் கவலை. வாசித்துக் காட்டினால் எல்லாரும் தலையாட்டுவார்கள். முதல் தடவையும் ஆட்டினவர்கள்தானே? ஒரு நாள் சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்று, நம் ஆட்களுக்கு வேண்டாம் என்று சொல்லவே வராதா அக்கா என்று கேட்டார். நான் விளையாட்டாகச் சொன்னேன், “எங்கிட்ட விடுங்க மிஸ். நான் டப்பாவ நீட்டுறேன். எம் மொகத்தப் பாத்து வேணாம்னு சொல்லிட்டா, அவங்க யாருகிட்ட வேணாலும் வேணாம்னு சொல்லிருவாங்க.”

“ம்,” என்றார் மிஸ் பிரேமா. இது எனக்குப் புதிய “ம்”. அடுத்த வாரம் அது விதியாகிவிட்டது.

அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு சின்ன அறை. மேசைக்கு இந்தப் பக்கம் நான், கையில் சூடான டப்பா. அந்தப் பக்கம் நோயாளி. நான் சிரித்த முகமாக நீட்டி, சாப்பிடுங்கள் என்பேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு வயதான அங்கிள், “வேணாம்மா” என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு, நான் முகத்தைத் தொங்கப் போட்டதும், “சரி, கொஞ்சமா வையி” என்றார். தோற்றுப் போனார், மறுநாள் வரச் சொன்னோம். குவே கொண்டு வருகிற டெங்கில் அம்மா வேண்டாம் என்று சொல்லும் முன் என்னிடம் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். நான் சும்மா விடுவதில்லை, பெருமூச்சு விடுவேன், உங்களுக்காகவே செய்தேன் என்பேன், வயசான காலத்தில் என்னை இப்படி அழ வைக்கிறீர்களே என்பேன். அதையும் தாண்டி வேண்டாம் என்று சொன்னவர்களுக்குத்தான் மிஸ் பிரேமா ஒப்புதல் தாளை நீட்டுவார்.

சிலர் பயிற்சியில் சொல்லிப் பார்த்த ‘வேண்டாம்’ என்பதை நிஜமாகவே சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். போகும்போது அவர்கள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தேன். அவர்களுடைய டாக்டரும் அப்பாய்ன்ட்மென்ட்டும் அப்படியேதான் இருந்தன. ஆள் குறைந்தது. ஆனால் மீந்த ஒவ்வொருவரும் போக முடியும் என்று தெரிந்து இருந்தவர்கள். அவர்களுக்குச் சமைத்தது மாதிரி நான் யாருக்கும் சமைத்ததில்லை.

பச்சை ஜெயித்ததா, நீலம் ஜெயித்ததா என்று கேட்பீர்கள். டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், போய்ப் படித்துக்கொள்ளுங்கள். என் வாய் இன்னும் திறக்கவில்லை.

போன் செய்த பெண்ணே, இப்போது உனக்கு. படம் பிடித்து அனுப்புவது நல்லதுதான். ஆனால் கொட்டிவிட்டுக் காலி டப்பாவைப் படம் பிடித்தால் உன் போன் கண்டுபிடிக்குமா? அந்த விதியை எடுக்காதே. டப்பாவை நீட்ட ஆள் கிடைக்காவிட்டால் என்னைக் கூப்பிடு. முழங்கால்தான் போய்விட்டது, முகத்தைத் தொங்கப் போட இன்னும் முடியும்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் சரவணன் மறுபடி வந்தான். உடம்பு தேறி, கன்னம் வந்து, பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தான். ஆராய்ச்சியில் சேர வேண்டும் என்றான். மிஸ் பிரேமா உடனே ஒப்பவில்லை. எங்களோடு சம்பந்தமில்லாத வேறு ஒரு டாக்டர் அவனைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பேசினார். எதற்கு வருகிறாய், அம்மா சொன்னாரா, எங்களுக்கு நன்றி காட்டவா என்று கேட்டார்.

“இல்ல மிஸ். இந்த வாட்டி போக முடியும்னு தெரியும். அதான் வரேன்,” என்றான்.

என் முன்னால் உட்கார வைத்தார்கள். டப்பாவை நீட்டினேன். பெருமூச்சு விட்டேன், கண்ணைத் துடைத்தேன், என் வித்தை எல்லாவற்றையும் காட்டினேன். “வேணாம் ஆன்டி,” என்றான், கல் மாதிரி.

அடுத்த வாரம் டப்பா திருப்ப அவனே ஜன்னலுக்கு வந்தான். இந்திராணியும் கூட வந்திருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை, ஆனால் தலையைக் குனிந்துகொண்டு தூரமாக நின்றாள். வெட்கம். ஏனென்றால் லேப் பைக்குள் இருந்த டப்பா கழுவாத டப்பா. ஓரமெல்லாம் குழம்பு காய்ந்திருந்தது. சோறு கால்வாசி மிச்சம். பூசணிக்காய்க் கூட்டு தொட்டதுபோலவே இல்லை.

“ஏன்டா தம்பி, பூசணிக்கா வயித்துக்கு ஒத்துக்கலையா?”

“வயித்துக்கு ஒன்னுமில்ல ஆன்டி. வாயில வெக்க முடியல. உங்க பூசணிக்கா நல்லாவே இல்ல.”

இந்திராணி அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். “பெரியவங்ககிட்ட இப்படியா பேசுவ?”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எத்தனை வருஷமாக அந்தக் கூட்டைச் சமைத்தேன், எத்தனை பேர் ஆகா என்றார்கள். மிஸ் பிரேமாவே “ம்” என்றுதான் சொல்லியிருக்கிறார். அது நல்லாவே இல்லை என்று எனக்கு முன்பே தெரியும், தோல் சீவி விதை எடுத்துக் குழைய வேகவைத்த பூசணிக்காய் வேறு எப்படி இருக்கும்? ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொன்னவன் இவன் ஒருவன்தான்.

டப்பாவை எடை போட்டு எழுதிக்கொண்டோம். மற்ற டப்பாக்களைக் கழுவுகிற பெண்ணிடம் அனுப்பினேன். அதை மட்டும் கொடுக்கவில்லை. காய்ந்த குழம்பை நகத்தால் சுரண்டி, நானே கழுவினேன்.